காதுக்கு எட்டுமா பல்கலைக்கழகப் பாடம்?

கோட்டாற்றை அடுத்த இடலாக்குடியில் 1874-ம் ஆண்டு பிறந்தவர் செய்குத்தம்பிப் பாவலர். 1907-ம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டிப் புகழ் பெற்றவர். அவதானம் எளிய கலை அன்று. ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் கணக்குப் போடச் சொல்வார். ஒருவர் மணி அடித்துக்கொண்டே இருப்பார். இன்னொருவர் முதுகில் பூவோ கல்லோ எறிவார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்கிக்கொண்டு, கடைசியில் ஒன்று விடாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். குறித்து வைத்துக்கொள்ள ஏடும் கிடையாது, எழுத்தாணியும் கிடையாது. அவதானிக்குக் காதுதான் ஏடு, நெஞ்சுதான் பெட்டகம்.

காதால் படிப்பது தமிழருக்குப் புதிது அன்று. திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வைத்தார். கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வைத்தார். அந்தகக்கவி வீரராகவ முதலியார் கண் தெரியாதவர். முதுகில் எழுதிக் காட்டச் சொல்லி எழுத்துகளைக் கற்றார் என்பது கர்ணபரம்பரைக் கதை. கண் இல்லாதது அவர் கவி பாடத் தடையாக இருக்கவில்லை.

அப்படியானால் கம்ப்யூட்டரே வாய் திறந்து பேசுகிற இந்தக் காலத்தில், கண் தெரியாத ஒரு கோட்டாற்று மாணவன் பட்டப் படிப்புப் படிப்பது எவ்வளவு எளிதாக இருக்க வேண்டும்! ஆனால் அவ்வளவு எளிதாக இல்லை. ஏன் இல்லை?

வீட்டுக்கு வந்த பல்கலைக்கழகம்

நாகர்கோவிலில் கல்லூரிகளுக்குக் குறைவு இல்லை. ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தெற்குத் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ் கல்லூரி என்று பேர் பெற்ற கல்லூரிகள் பல உண்டு. இவை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. 1990-ல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம் நெல்லையை அடுத்த அபிஷேகப்பட்டியில் இருக்கிறது. கோட்டாற்றிலிருந்து ஒரு சான்றிதழுக்காகப் பஸ் ஏறிப் போனால் போய் வரவே பகல் பொழுது தீர்ந்துவிடும்.

இன்று நாடெங்கும் பல்கலைக்கழகங்களின் காரியங்கள் இன்டர்நெட்டுக்கு வந்துவிட்டன. பாடத்திட்டம், தேர்வு அட்டவணை, கட்டணம், ஹால் டிக்கெட், தேர்வு முடிவு, பாடக் குறிப்பு, வீடியோ வகுப்பு எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. இதனால் யாருக்கு அதிக நன்மை? பஸ்ஸில் ஏறி இறங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு. நோட்டீசு போர்டை வாசிக்க முடியாதவர்களுக்கு. கவுண்ட்டரில் நின்று பேச முடியாதவர்களுக்கு. மாற்றுத்திறனாளிகளுக்கு என்றே செய்து வைத்தது போன்ற வசதி இது.

கோட்டாறு சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் கண் தெரியாத மாணவன் ஒருவன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவனுடைய கைப்பேசி திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும். நண்பர்கள் அனுப்பும் செய்திகளை அவன் அப்படித்தான் கேட்கிறான். தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் நெருங்குகிறது. பல்கலைக்கழகத்தின் அறிவிப்பைத் திறக்கிறான். போன் "படம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு மௌனமாகிவிடுகிறது. கட்டணம் கட்டும் பக்கத்தைத் திறக்கிறான். "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்கிறது. எது எந்தப் பொத்தான் என்று அதற்கே தெரியவில்லை. எப்படியோ தட்டுத் தடுமாறிக் கடைசிக் கட்டத்துக்கு வந்தால், கோணல் மாணலாக எழுதிய நாலு எழுத்துப் படம் ஒன்று நிற்கிறது. "நீ மனிதன்தான் என்று நிரூபிக்க இதைப் பார்த்து எழுது" என்கிறது.

வேறு வழி இல்லை. பிரவுசிங் சென்டருக்குப் போகிறான். பாஸ்வேர்டைச் சொல்கிறான். ஆதார் எண்ணைச் சொல்கிறான். "தம்பி, போன்ல நம்பர் வந்திருக்கும், சொல்லு" என்கிறார் கடைக்காரர். போன் அந்த ரகசிய எண்ணைக் கடை முழுவதும் கேட்கும்படி வாசிக்கிறது. கட்டணம் கட்டி முடிந்தது. ஆனால் அவனுடைய ரகசியம் ஒன்றும் அவனிடம் மிச்சம் இல்லை.

இவன் கற்பனை மாணவன். அவனைத் தடுத்த தடைகள் கற்பனை அல்ல. இந்தியாவில் கண் தெரியாமல் கல்லூரிக்குப் போன எவரைக் கேட்டாலும் இவற்றில் ஒன்றையாவது சொல்வார்.

ஏட்டுச் சுரைக்காய்

கம்ப்யூட்டர் எப்படி வாசிக்கிறது? அதற்குக் கண் இல்லை. கோப்பின் உள்ளே "இது க, இது ல், இது வி" என்று ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணைக் கொண்டு குரல் எழுப்புகிறது. திரை வாசிப்பான் என்று இந்த மென்பொருளுக்குப் பெயர். முன்னெல்லாம் இதை விலை கொடுத்து வாங்க ஏழை மாணவர்களால் முடியாது. 2006-ம் ஆண்டில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் டே என்ற இரண்டு பேர் என்.வி.டி.ஏ. என்ற திரை வாசிப்பானை உருவாக்கத் தொடங்கினார்கள். இருவருமே கண் தெரியாதவர்கள். அதை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அது தமிழும் பேசும். சாதாரண ஆண்ட்ராய்டு போனிலேயே டாக்பேக் என்ற வாசிப்பான் இருக்கிறது. ஆகவே கருவிக்குப் பஞ்சம் இல்லை. கருவி வாசிக்கும்படியான எழுத்துக்குத்தான் பஞ்சம்.

அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கை எப்படித் தயாராகிறது என்று பாருங்கள். கம்ப்யூட்டரில் அடிக்கிறார்கள். அப்போது அது உயிருள்ள எழுத்து. எந்த வாசிப்பானும் வாசிக்கும். பிறகு அதைக் காகிதத்தில் அச்சிடுகிறார்கள். அதிகாரி கையெழுத்துப் போடுகிறார். முத்திரை விழுகிறது. அந்தக் காகிதத்தை ஸ்கேன் செய்து, பி.டி.எஃப். கோப்பாக்கி, இணையதளத்தில் ஏற்றுகிறார்கள். இப்போது அது எழுத்து அன்று, எழுத்தின் போட்டோ. கண் உள்ளவருக்கு வேற்றுமை தெரியாது. காதால் படிப்பவருக்கோ அது ஏட்டுச் சுரைக்காய். கறிக்கு உதவாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், வாசிக்கக்கூடிய கோப்பு அதே அலுவலகத்தின் கம்ப்யூட்டரில் பத்திரமாகக் கிடக்கிறது. அதை ஏற்றியிருந்தால் போதும். கூடுதலாக ஒரு காசு செலவு இல்லை. செலவழித்து, உழைத்து, நல்ல எழுத்தைப் படமாக்கிக் கெடுத்து வைக்கிறார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை, பழக்கம்தான் காரணம்.

தமிழுக்கு உள்ள நோய்

இங்கே தமிழ் மாணவனுக்கு இரட்டைக் கஷ்டம் உண்டு. ஆங்கிலக் கோப்பு படமாக இல்லாவிட்டால் வாசிப்பான் வாசித்துவிடும். தமிழ்க் கோப்பு படமாக இல்லாவிட்டாலும் வாசிக்கும் என்பது நிச்சயம் இல்லை.

யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்களைச் செய்தவர்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தைப் பொருத்தி வைத்தார்கள். பாமினி என்ற எழுத்துருவில் "தமிழ்" என்று அடித்தால் திரையில் தமிழ் என்றே தெரியும். கோப்பின் உள்ளே கிடப்பது ஜே, கே, பி, ஓ என்ற நாலு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். வாசிப்பான் உருவத்தைப் பார்ப்பது இல்லை. உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். ஆகவே தமிழ் இலக்கணப் பாடத்தைத் திறந்தால், "ஜே, கே, பி, ஓ" என்று பொருள் இல்லாத ஆங்கில எழுத்துகளாக மாணவன் காதில் விழும்!

இது இன்று நேற்றுத் தெரிந்த குறை அன்று. 1991-லேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆளுக்கொரு எழுத்துரு என்ற குழப்பத்தைத் தீர்க்க 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு வழி தேடியது. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. ஆனாலும் பழைய எழுத்துருவில் அடித்த குறிப்புகளும் வினாத்தாள்களும் இன்னும் உலவிக்கொண்டுதான் இருக்கின்றன. யூனிகோடில் அடித்தும், பி.டி.எஃப். ஆக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறிப் போவதும் உண்டு.

விளைவு என்ன? கண் தெரியாத மாணவன் ஆங்கில இலக்கியம் படித்தால் ஓரளவு பிழைத்துக்கொள்வான். தமிழ் இலக்கியம் படிக்க ஆசைப்பட்டால் திண்டாடுவான். தாய்மொழியில் படிக்க வந்தவனுக்குத் தாய்மொழியே வேலியாக நிற்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

கோப்பு நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க எந்த ஆசிரியருக்கும் அரை நிமிஷம் போதும். கோப்பில் உள்ள ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, நகல் எடுத்து, வேறொரு பக்கத்தில் ஒட்டிப் பார்க்க வேண்டும். தமிழ் தமிழாகவே வந்தால் காதுக்கும் எட்டும். எதுவும் வராவிட்டால் அது போட்டோ. ஆங்கிலக் குப்பை வந்தால் அது பழைய எழுத்துரு.

கண்ணுக்கு மட்டும் அன்று

குறை கண் தெரியாதவர்களுக்கு மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. வீடியோ வகுப்பில் பேராசிரியர் எவ்வளவு அழகாகப் பேசினாலும், அடியில் எழுத்து ஓடாவிட்டால் காது கேளாத மாணவிக்கு அது ஊமைப் படம். கை நடுங்குகிறவரால் மவுசைப் பிடித்துச் சின்னஞ்சிறு கட்டத்தில் அமுக்க முடியாது. விசைப்பலகையாலேயே எல்லாம் நடக்க வேண்டும். சிவப்பும் பச்சையும் வேறுபடாதவரிடம் "சிவப்பில் உள்ளதைக் கட்டாயம் நிரப்புக" என்றால் அவர் எதை நிரப்புவார்? மெதுவாக எழுதுகிறவர் பாதி விண்ணப்பத்தில் இருக்கும்போது "நேரம் முடிந்தது" என்று பக்கம் மூடிக்கொண்டால் என்ன செய்வார்?

2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்குப்படி இந்தியாவில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்து 79 ஆயிரம் பேர். அப்போது சட்டத்தின் பட்டியலில் இருந்த குறைபாடுகள் 7. 2016-ம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக்கியது. கற்றலில் குறைபாடு உள்ளவர்களும் அதில் சேர்ந்தார்கள். ஆகவே இன்று கணக்கெடுத்தால் எண்ணிக்கை கூடுமே தவிரக் குறையாது.

தென் தமிழகத்துக்கு இந்தத் துறையில் பழம்பெருமை உண்டு. 1890-களிலேயே பாளையங்கோட்டையில் கண் தெரியாதவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் மிஷனரிப் பெண்மணிகள் பள்ளிகள் தொடங்கினார்கள். தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்து தமிழுக்கு வந்தது. 1951-ல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் பாரதி பிரெயில் முறை ஏற்பட்டது. ஆனால் பிரெயில் புத்தகம் அச்சிடச் செலவு அதிகம். ஒரு புத்தகமே பல தொகுதிகளாகப் பெருகும். கல்லூரிப் பாடம் முழுவதும் பிரெயிலில் கிடைப்பது அரிது. அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் கம்ப்யூட்டர் எழுத்து. ஒரே கோப்பைக் கண் உள்ளவர் பார்க்கலாம். கண் இல்லாதவர் கேட்கலாம். பிரெயில் கருவி உள்ளவர் தடவிப் படிக்கலாம். எழுத்து பிறந்த நாளிலிருந்து இப்படி ஒரு வசதி மனிதனுக்குக் கிடைத்தது இல்லை. கிடைத்ததைப் போட்டோவாக்கி வீணாக்குவதுதான் வருத்தம்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐக்கிய நாடுகள் சபை 2006-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா 2007-ல் அதை உறுதி செய்தது. அதன்படி வந்ததுதான் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 2017 ஏப்ரலில் அது அமலுக்கு வந்தது. அரசு உயர்கல்வி நிலையங்களிலும் அரசு உதவி பெறுபவற்றிலும் குறைந்தது 5 சதவீத இடம் அவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது சட்டம். மின்னணு வடிவில் உள்ள தகவல்கள் எல்லாம் அவர்களுக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டத்தை மீறினால் முதல் தடவை ரூ.10 ஆயிரம் வரையிலும், அடுத்த தடவைகளில் ரூ.50 ஆயிரம் முதல் ரூ.5 லட்சம் வரையிலும் அபராதம் உண்டு.

இரண்டு கட்டளைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இடம் ஒதுக்கியாகிவிட்டது, பாடம் எட்டவில்லை என்றால் என்ன அர்த்தம்? பந்தியில் உட்கார வைத்துவிட்டு இலை போடாத கதைதான்.

2017-ல் வந்த விதிகள், இணையதளத்தில் ஏற்றும் கோப்புகள் எழுத்தாக வாசிக்கக்கூடிய வடிவில் இருக்க வேண்டும் என்றன. 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு உயர்கல்வி நிறுவனங்களுக்கென்று தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. உலக அளவிலும் 1999 முதலே இணையப் பக்கங்களுக்கு விதிமுறைகள் உண்டு. அவற்றின் சாரம் நாலே வாக்கியம்: புலனுக்கு எட்ட வேண்டும், இயக்க முடிய வேண்டும், புரிய வேண்டும், எந்தக் கருவியிலும் நிலைத்து நிற்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும் காரியம் ஏன் நடக்கவில்லை? "வழிகாட்டுதல்" என்ற சொல்தான் ஓட்டை. வழிகாட்டினால் போகலாம், போகாமலும் இருக்கலாம். இந்த ஓட்டையைச் சுப்ரீம் கோர்ட்டு கண்டுகொண்டது. பார்வைக் குறைபாடு உள்ள ராஜீவ் ரத்தூரி என்பவர் தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8-ந் தேதி தீர்ப்பு வந்தது. சட்டம் கட்டாயம் என்று சொல்லும்போது, விதி வெறும் யோசனையாக இருப்பது செல்லாது என்று கோர்ட்டு கூறியது. கட்டாயத் தரங்களை வகுக்க மத்திய அரசுக்கு 3 மாதம் தவணை கொடுத்தது.

அடுத்த தீர்ப்பு 2025 ஏப்ரல் 30-ந் தேதி வந்தது. ஆசிட் வீச்சில் முகம் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூன் முதலானவர்களும் பார்வையற்ற வழக்கறிஞர் ஒருவரும் கேட்டது இதுதான்: வங்கிக் கணக்கு தொடங்க, உயிரோடு இருப்பதற்கு அடையாளமாகக் கேமரா முன் கண் சிமிட்டச் சொல்கிறார்கள், சிமிட்ட முடியாதவர் என்ன செய்வது? நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும், மின்னணுச் சேவைகள் எட்டுவதும் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்தார்கள். வங்கி பற்றிய வழக்குத்தான். ஆனால் அதன் நியாயம் பல்கலைக்கழக வாசல் வரைக்கும் வரும். பிரவுசிங் சென்டரில் பாஸ்வேர்டைப் பறிகொடுக்கிற மாணவனுக்கும் அந்த உரிமை உண்டு.

கொரோனா காலத்திலேயே இந்தப் பிரச்சினை கல்விக்கூடத்தில் வெடித்தது. 2020-ல் டெல்லிப் பல்கலைக்கழகம் புத்தகத்தைப் பார்த்து இன்டர்நெட் வழியே எழுதும் தேர்வை அறிவித்தது. பார்வையற்ற மாணவர்களுக்காக டெல்லி ஐகோர்ட்டில் வழக்கு நடந்தது. மற்றவர்கள் புத்தகம் பார்த்து எழுதுவார்கள். வாசிக்கும் வடிவில் புத்தகமே கைக்கு வராதவர்கள் எதைப் பார்த்து எழுதுவது? அந்தக் கேள்வி டெல்லிக்கு மட்டும் உரியது அன்று.

பெர்க்லி கற்பித்த பாடம்

சட்டத்தைக் காட்டி மிரட்டினால் போதுமா? போதாது. அதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு.

கலிபோர்னியாவில் உள்ள பெர்க்லி பல்கலைக்கழகம் தன் பேராசிரியர்களின் சொற்பொழிவுகளை உலகத்துக்கே இலவசமாக வழங்கி வந்தது. அவற்றில் பலவற்றில் அடியில் எழுத்து இல்லை. காது கேளாதோர் தரப்பில் புகார் போயிற்று. 2016 ஆகஸ்டில் அமெரிக்க நீதித் துறை, "இது சட்டத்துக்குப் பொருந்தாது, சரி செய்யுங்கள்" என்று எழுதியது. பல்கலைக்கழகம் என்ன செய்தது? அத்தனைக்கும் எழுத்துப் போடச் செலவு ஆகும் என்று சொல்லி, 2017-ல் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒலி, ஒளிப் பதிவுகளைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. காது கேளாதவர்கள் எழுத்துக் கேட்டார்கள். கிடைத்ததோ எல்லாருக்கும் பூட்டு! மறுபடி பேச்சு நடந்து, 2022-ல்தான் அவற்றைச் சரி செய்து தர உடன்பாடு ஏற்பட்டது. ஹார்வர்டு 2019-லும், எம்.ஐ.டி. 2020-லும் வழக்குகளை முடித்துக்கொண்டு வீடியோக்களுக்கு எழுத்துப் போட ஒப்புக்கொண்டன.

இதிலிருந்து தெரிவது என்ன? பதிவு செய்யும் அன்றே எழுத்துப் போட்டிருந்தால் ஒவ்வொன்றுக்கும் சிறு வேலை. வருஷக்கணக்கில் சேரவிட்டபின் அது மலையாகிவிட்டது. மலையைப் பார்த்ததும் பணக்காரப் பல்கலைக்கழகமே கதவைச் சாத்தியது என்றால், நம் பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் என்ன செய்யும்? அபராதத்துக்குப் பயந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் கோட்டாற்று மாணவன் மட்டும் அன்றி, அவன் வகுப்புத் தோழர்களும் பழையபடி பஸ் ஏற வேண்டியதுதான்.

எங்கே தொடங்குவது?

பல்கலைக்கழகங்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது. பணத் தட்டுப்பாடு உண்டு. ஆள் பற்றாக்குறை உண்டு. பல வருஷக் கோப்புகளை ஒரே நாளில் திருத்த முடியாது. யாரும் அப்படிக் கேட்கவும் இல்லை. ஓட்டைப் படகில் தண்ணீரை இறைப்பதற்கு முன் ஓட்டையை அடைக்க வேண்டும். நாளை ஏற்றப்போகும் கோப்பை முதலில் ஒழுங்காக ஏற்ற வேண்டும். பழையது பிறகு.

முதலாவதாக, கையெழுத்திட்ட காகிதத்தின் போட்டோவோடு, அடித்த மூலக் கோப்பையும் ஏற்ற வேண்டும் என்று ஒரே ஓர் உத்தரவு போதும். கம்ப்யூட்டரிலேயே கையெழுத்திடும் முறை வந்துவிட்டதால் போட்டோவே தேவைப்படாது.

இரண்டாவதாக, தமிழில் எது அடித்தாலும் யூனிகோடில்தான் அடிக்க வேண்டும். பழைய எழுத்துருவில் வரும் பாடக் குறிப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

மூன்றாவதாக, தேர்வு சம்பந்தப்பட்ட பக்கங்களை எல்லாவற்றுக்கும் முன்னால் சரி செய்ய வேண்டும். கட்டணம், ஹால் டிக்கெட், முடிவு ஆகிய மூன்றும் தவறினால் ஒரு வருஷம் போய்விடும். ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர் வேண்டும். கோணல் எழுத்துப் படத்துக்குப் பதிலாகக் காதால் கேட்டு எழுதும் வழியும் வேண்டும்.

நாலாவதாக, புதிய வீடியோ வகுப்புகளுக்கு அன்றன்றே எழுத்துப் போட வேண்டும். இயந்திரம் எழுதிக் கொடுக்கலாம். பிழை திருத்துவது பாடம் தெரிந்த மனிதனாக இருக்க வேண்டும்.

ஐந்தாவதாக, யாரிடம் முறையிடுவது என்று மாணவனுக்குத் தெரிய வேண்டும். ஒவ்வோர் அரசு நிறுவனமும் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும் என்று 2016-ம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். போட்டோவாக அன்று, எழுத்தாக!

பழைய புத்தகங்களை மாற்றப் பதிப்புரிமை குறுக்கே நிற்குமே என்று சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் வேண்டியது இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்காகப் புத்தகங்களை ஏற்ற வடிவுக்கு மாற்ற 2012-ம் ஆண்டுத் திருத்தம் அனுமதி கொடுத்துவிட்டது. இதே நோக்கத்துக்காக மராகேஷில் உருவான உலக ஒப்பந்தத்தை 2014-ல் முதன்முதலில் உறுதி செய்த நாடு இந்தியாதான். 2016-ல் சுகம்ய புஸ்தகாலயா என்ற மின் நூலகமும் தொடங்கியது. அச்சிட்ட தமிழ்ப் பக்கத்தைப் படம் பிடித்து எழுத்தாக மாற்றும் மென்பொருளைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ராமகிருஷ்ணன் குழுவினர் உருவாக்கியிருக்கிறார்கள். வழி இருக்கிறது, நடக்கத்தான் ஆள் வேண்டும்.

"செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே! போட்டோவையும் அது வாசித்துவிடுமே!" என்று கேட்பவர்கள் உண்டு. வாசிக்கும், உண்மை. ஆனால் அது ஊகித்து வாசிக்கும். மங்கலான நகலில் 6-ஐ 8 என்று வாசித்தால் தேர்வுத் தேதியே மாறிப் போகும். அட்டவணையில் வரிசை தவறினால் கணக்குப் பாடத்துக்குத் தமிழ்ப் பாடத்தின் தேதி வந்து சேரும். வகுப்பில் மற்ற அத்தனை பேரும் நிச்சயமாகத் தெரிந்துகொள்ளும் ஒரு தேதியை, ஒருவன் மட்டும் ஊகத்தில் தெரிந்துகொள்வது சமத்துவம் ஆகாது. அலுவலகம் ஒரு நிமிஷத்தில் செய்ய வேண்டிய வேலையை ஒவ்வொரு மாணவன் தலையிலும் சுமத்துவதும் நியாயம் ஆகாது.

பரீட்சை யாருக்கு?

இணையதளம் நன்றாக இருக்கிறதா என்று சோதிக்க வெளியூரிலிருந்து நிபுணர்களை அழைக்க வேண்டியது இல்லை. கண் தெரியாத மாணவர் ஒருவர், காது கேளாத மாணவர் ஒருவர், மவுசு பிடிக்க இயலாத மாணவர் ஒருவர் என மூன்று பேரை அழைத்துச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்தால் போதும். எங்கே இடிக்கிறது என்று அரை நாளில் சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கும் ஒரு வருமானம். பல்கலைக்கழகத்துக்கும் ஒரு நன்மை.

அப்புறம் எத்தனை கோப்புகளை மாற்றினோம், எத்தனை கூட்டம் போட்டோம் என்று அறிக்கை எழுத வேண்டாம். கோட்டாற்று மாணவன் ராத்திரி சாப்பிட்டுவிட்டு, தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, யாரையும் கூப்பிடாமல், பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாமல், தேர்வுக் கட்டணத்தைக் கட்டி முடித்தானா? அடுத்த நாள் வகுப்புக்கு வேண்டிய தமிழ்ப் பாடத்தைத் தமிழாகவே கேட்டானா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஆம் என்று பதில் வந்தால் பல்கலைக்கழகம் பாஸ்.

நூறு காரியங்களைக் காதால் வாங்கி நெஞ்சில் நிறுத்திய பாவலர் பிறந்த மண் இது. இங்கே கேட்டுப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்குக் குறைவு வராது. கேட்கும்படி எழுதுவதுதான் பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை.